அடியெடுத்துக் கொடுக்கும் ஒரு சொல்

திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டித் தடுத்தாட்கொண்ட பெருமான், சுந்தரமூர்த்தி நாயனாரைப் பார்த்துத் தம்மைப் பாடுமாறு பணித்தார். எதைச் சொல்லிப் பாடுவது என்று தெரியாமல் நின்றார் நம்பியாரூரர். வழக்காடியபோது என்னைப் பித்தன் என்று ஏசினாய் அல்லவா, அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று இறைவன் எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லில் தொடங்கியதுதான் சுந்தரர் தேவாரம்.

தில்லையில் சேக்கிழார் பெருமானுக்கு 'உலகெலாம்' என்னும் முதற்சொல் அசரீரியாகக் கேட்டது. திருவண்ணாமலையில் அருணகிரிநாதருக்கு முருகப்பெருமான் முதலடி தந்து திருப்புகழைத் தொடங்கி வைத்தார். காஞ்சி குமரகோட்டத்தில் கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியாருக்கும் அப்படியே. இவற்றையெல்லாம் நம் பெரியோர் 'அடியெடுத்துக் கொடுத்தல்' என்று அழகாகக் குறிப்பிட்டார்கள்.

இந்த வரலாறுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. இறையருள் முழுமையாகப் பெற்ற அருளாளர்களுக்கே முதற்சொல் ஒன்று தேவைப்பட்டது. அப்படியிருக்க, வெற்றுத் தாளைப் பார்த்து நாம் திகைப்பதில் வியப்பு என்ன?

பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் மாலையில் கோயில் பிராகாரத்தில் சந்திக்கும்போது சொல்வது இதுதான்: "எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நோட்டுப் புத்தகமும் வாங்கி வைத்துவிட்டேன். உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை." வராததற்குக் காரணம் அறிவுக் குறைவோ தமிழ்க் குறைவோ இல்லை. அடியெடுத்துக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். அந்த ஆளாக நமக்கு நாமே இருப்பது எப்படி என்பதே இந்த வாரச் செய்தி.

எழுதாமல் போனால் என்ன குறைந்துவிடும்?

பங்குனி உத்திரம் வந்தால் நெல்லை, தென்காசி வட்டாரத்துக் குடும்பங்கள் தத்தம் சாஸ்தா கோயிலுக்குச் சென்று பொங்கலிட்டு வழிபடுவது வழக்கம். எங்கெங்கோ வேலை பார்க்கும் பிள்ளைகளெல்லாம் அன்று ஊர் வந்து சேர்வார்கள். எங்கள் தூரத்து உறவினர் குடும்பம் ஒன்று இரண்டு தலைமுறைக்கு முன்பே பிழைப்புக்காக வடக்கே போய்விட்டது. வீட்டுப் பெரியவர் இருந்தவரை ஆண்டுதோறும் அவரே எல்லோரையும் அழைத்து வருவார். ரயிலடியில் இறங்கி, வண்டி பிடித்து, ஒரு குளத்தங்கரை வழியே நடந்து, ஓர் ஆலமரத்தடியில் போய் நிற்பார்கள்.

அவர் சிவபதம் அடைந்தபின் பிள்ளைகளின் நினைவில் மிஞ்சியவை குளமும் ஆலமரமும் மட்டுமே. இந்தப் பக்கத்தில் குளமும் ஆலமரமும் இல்லாத சாஸ்தா கோயில் எது? மூன்று பங்குனி உத்திரம் ஊர் ஊராக விசாரித்து அலைந்தார்கள். முடிவில், தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மாள் இடத்தைக் காட்டிக் கொடுத்தார். அவரும் போயிருந்தால்?

இதில் என் மனத்தைத் தைத்தது வேறொன்று. அந்தப் பெரியவர் எழுதத் தெரியாதவர் அல்லர். அவர் விட்டுச் சென்ற டிரங்குப் பெட்டியில் 40 ஆண்டுக் கணக்கு நோட்டுகள் இருந்தன. பால் கணக்கு, வண்ணார் கணக்கு, வீட்டு வரி ரசீது எல்லாம் தேதிவாரியாக இருந்தன. சாஸ்தாவின் திருப்பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை எழுதி வைக்க அவருக்கும் தோன்றவில்லை. 'நம் சாஸ்தா எவர், அவர் கோயிலுக்கு வழி எது?' என்று யாராவது ஒரு சீட்டில் எழுதி அவர் முன் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை எழுதியிருப்பார்.

குற்றாலத்துக் கவிராயர் காட்டும் வழி

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் மேலகரம் இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அவதரித்த ஊர். குறவஞ்சி ஒன்றோடு அவர் நின்றுவிடவில்லை. குற்றாலநாதரைப் பற்றியே தலபுராணம் பாடினார், மாலை பாடினார், சிலேடை பாடினார், யமக அந்தாதி பாடினார், ஊடலும் பாடினார். அதே மலை, அதே அருவி, அதே சுவாமி. ஒவ்வொரு முறையும் அவர் மாற்றிக் கொண்டது கேள்வியை மட்டுமே. இந்தத் தலம் எப்படித் தோன்றியது என்று கேட்டுக் கொண்டால் தலபுராணம். வீதியில் உலா வரும் சுவாமியைக் கண்டு மயங்கிய பெண்ணுக்குக் குறத்தி என்ன குறி சொல்வாள் என்று கேட்டுக் கொண்டால் குறவஞ்சி.

"எழுதுவதற்கு என் வாழ்வில் என்ன இருக்கிறது, ஒரே ஊர், ஒரே வீடு" என்று சலித்துக் கொள்வோருக்கு இது நல்ல மறுமொழி. ஊரை மாற்ற வேண்டியதில்லை. கேள்வியை மாற்றினால் போதும்.

திருஞானசம்பந்தப் பெருமான் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், இங்குள்ள குறும்பலாவுக்கு ஒரு பதிகமும் அருளியிருக்கிறார். அவருடைய பதிகங்களைத் தொடர்ந்து ஓதுபவர்களுக்கு ஓர் ஒழுங்கு தெரிந்திருக்கும். பெரும்பாலும் எட்டாம் பாடலில் இராவணன் வருவான். ஒன்பதாம் பாடலில் திருமாலும் பிரமனும் அடிமுடி தேடுவர். நிறைவுப் பாடலில் சம்பந்தர் தம் பெயரைச் சொல்லி, ஓதுவோர் பெறும் பயனையும் சொல்வார். இன்னின்ன இடத்தில் இன்னின்னது என்ற வரையறை அந்த ஞானக் குழந்தைக்குத் தடையாக இருக்கவில்லை. தலந்தோறும் பாட அதுவே துணையாக நின்றது. கரையில்லாத வெள்ளம் ஊரை அழிக்கும். கரையுள்ள குளம் வயலுக்குப் பாயும். எழுத்துக்கும் ஒரு கரை வேண்டும்.

அந்தாதியும் இதே உபாயந்தான். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல் ஆகிவிடுகிறது. நம் தென்காசி மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூர் இறைவன்மீது, அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்கும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி அப்படி 100 பாடல்களாகத் தொடர்ந்து செல்கிறது. நாளைக்கு எங்கே தொடங்குவது என்ற கவலையே அந்தாதி பாடுபவருக்கு இல்லை. இன்றைய முடிவில் நாளைய தொடக்கம் காத்திருக்கிறது.

செய்முறை

இப்போது நடைமுறைக்கு வருவோம். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் ஆகையால் விதிகளைச் சுருக்கமாகவே சொல்லிப் பழக்கம்.

முதலாவது, நேரமும் இடமும். நம்மில் பலர் நாள்தோறும் ஸ்ரீராமஜெயம் எழுதுபவர்கள். காலை நீராடி, விளக்கேற்றி, மணையில் அமர்ந்து 108 முறை எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. கை பழகியிருக்கிறது, மனம் அடங்கியிருக்கிறது. நாம ஜபம் முடிந்தபின் அதே இடத்தில் வேறொரு நோட்டை எடுங்கள். ஐந்து வரி, ஐந்து நிமிடம். லிகித ஜபம் இறைவனுக்கு; இந்த ஐந்து வரி பேரப்பிள்ளைகளுக்கு.

இரண்டாவது, சீட்டுகள். 30 சிறு தாள்களில் ஆளுக்கொரு கேள்வியோ சொல்லோ எழுதி, மடித்து, பழைய விபூதி டப்பாவிலோ குங்குமச் சிமிழிலோ போட்டு வையுங்கள். கோயிலில் சுவாமி முன் திருவுளச் சீட்டு எடுப்போமே, அதுபோல் காலையில் ஒன்றை எடுக்க வேண்டும். வந்ததை மாற்றக் கூடாது. 'இது வேண்டாம், அடுத்ததைப் பார்ப்போம்' என்று தொடங்கினால் டப்பா முழுவதையும் கொட்டிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவோம்.

மூன்றாவது, கேள்வி சிறிதாக இருக்கட்டும். 'என் பக்தி வாழ்க்கை' என்று சீட்டில் எழுதினால் யாருக்கும் பேனா நகராது. 'திருவாதிரைக் களி எந்தப் பாத்திரத்தில் கிண்டப்பட்டது?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் உருளி நினைவுக்கு வரும். பிறகு அதைத் தூக்கிய கை, அந்தக் கையில் கிடந்த வளையல், அடுப்பங்கரைப் புகை, விடியற்காலைக் குளிர், கடைசியில் சித்திர சபை தாண்டவ தீபாராதனைக்கு நேரமாகிறதே என்று அவசரப்படுத்திய தாத்தாவின் குரல், எல்லாம் ஒவ்வொன்றாய் வந்து நிற்கும். பெரிய கேள்விக்குப் பொதுவான விடைதான் கிடைக்கும். சிறிய கேள்விதான் நம் வீட்டுக் கதவைத் தட்டும்.

நான்காவது, முடிவு. எழுதியதன் அடியில் தேதியும் ஊரும் கையெழுத்தும் இடுங்கள். கையெழுத்தில்லாத வவுச்சர் செல்லாது. அதன் கீழே, நாளை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று தோன்றும் ஒரு சொல்லை மட்டும் குறித்து வையுங்கள். சீட்டுகள் தீர்ந்து போகும் நாளில் அந்தச் சொற்களே அந்தாதியாக உங்களை நடத்திச் செல்லும்.

தொடங்குவதற்குச் சில சீட்டுகள்

எங்கள் வட்டாரத்தை ஒட்டிச் சில தருகிறேன். உங்கள் ஊருக்கும் தலத்துக்கும் ஏற்ப மாற்றிக் கொள்ளலாம்.

1. நம் குலதெய்வத்தின் பெயர், ஊர், அங்கே செல்லும் வழி.
2. என்னை முதன்முதலில் கோயிலுக்குத் தூக்கிச் சென்றவர் யார்? எந்தக் கோயில்?
3. தென்காசிக் கோபுர வாசலில் எதிர்கொண்டு தள்ளும் காற்று.
4. சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் துணி உலர்த்திய இடம்.
5. அம்மா பாடிக் கேட்ட பாட்டு. அதை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்.
6. இலஞ்சி முருகனுக்கோ திருமலைக் குமரனுக்கோ எங்கள் வீட்டார் நேர்ந்து கொண்ட ஒரு பிரார்த்தனை.
7. சங்கரன்கோயில் ஆடித்தபசுக்குக் கட்டிச் சென்ற கட்டுச்சோறு.
8. எங்கள் தெருவில் சுவாமி புறப்பாடு நிற்கும் இடம். அங்கே தீபாராதனை செய்த வீடு.
9. இன்று இல்லாத ஒரு மரம்.
10. வீட்டுப் பூஜையில் இருக்கும் மிகப் பழைய பொருள். அது வந்த விதம்.
11. என் திருமணத்தன்று பெய்த மழை, அல்லது அடித்த வெயில்.
12. மொட்டைக் கோபுரம்.

பன்னிரண்டாவது சீட்டு எனக்கு ஒரு நாள் வந்தது. காசி விசுவநாதர் கோயிலின் இராஜகோபுரம் நெடுங்காலம் சிதைந்து முழுமையற்று நின்றதையும், ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990-ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்டதையும் இவ்வூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அன்று நான் எழுதிய வரிகளை ஒரு மாதிரிக்காக அப்படியே தருகிறேன்.

'நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஊரில் மொட்டைக் கோபுரம்தான். வெளியூர்ப் பையன்கள் கேலி செய்வார்கள். அப்பா அதைக் கடக்கும்போதெல்லாம் மேலே பார்த்துக் கும்பிடுவார். அங்கே வானம்தான் இருக்கும். கோபுரம் எழுந்தபோது அவர் இல்லை. கும்பாபிஷேகத் தீர்த்தத்தை அம்மா ஒரு சிறு செம்பில் கொண்டு வந்து, அப்பாவின் படத்துக்கு முன் வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.'

எண்ணிப் பார்த்தால் சில வரிகளே. இதில் இலக்கியம் ஏதுமில்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் என் பேத்தி இதைப் படித்துவிட்டு, "தாத்தா, அந்தச் செம்பு இப்போது எங்கே?" என்று தொலைபேசியில் கேட்டாள். பூஜை அலமாரியில் மூன்றாம் தட்டில் இருக்கிறது. இத்தனை நாள் அதில் உத்தரணிகளைப் போட்டு வைத்திருந்தோம். சென்ற விடுமுறைக்கு வந்தபோது அவளே புளி போட்டுத் துலக்கி வைத்துவிட்டுப் போனாள்.

சில ஐயங்கள்

"நடுவில் ஒரு நாள் விட்டுப் போனால்?" என்று கேட்பார்கள். உடல்நலக் குறைவு, துக்கம், பயணம் எல்லாம் எல்லோருக்கும் வரும். விட்டுப் போன நாளுக்கு வட்டியும் இல்லை, அபராதமும் இல்லை. வங்கிக்கு விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாளில் வழக்கம்போல் கதவைத் திறப்போம். அதுபோல மறுநாள் ஒரு சீட்டு மட்டும் எடுங்கள். பாக்கியைத் தீர்க்க மூன்று சீட்டு எடுப்பவர் நான்காம் நாள் களைத்துவிடுவார்.

"கண் சரியாகத் தெரிவதில்லை, கை நடுங்குகிறது." அகலக் கோடு போட்ட நோட்டும் தடித்த எழுதுகோலும் உதவும். அதுவும் இயலாதவர்கள் சீட்டை எடுத்துப் பேரனிடமோ மருமகளிடமோ கொடுத்து, வாயால் சொல்லி எழுதச் சொல்லலாம். செல்போனில் குரலாகவே பதிந்து வைக்கச் சொல்லலாம். அதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. கேட்கும் பிள்ளை நடுவில் ஒரு கேள்வி கேட்கும். அது மறுநாள் சீட்டாகிவிடும்.

"மனக்கசப்புகளும் நினைவுக்கு வருகின்றனவே, பங்காளிச் சண்டையை எழுதலாமா?" உண்மையான ஐயம் இது. முதல் முப்பது நாளில் அத்தகைய சீட்டுகள் வேண்டாம். பிறகு எழுத நேர்ந்தால் தனித்தாளில் எழுதிச் சில காலம் மடித்து வையுங்கள். ஆறிய மனத்தோடு எடுத்துப் படிக்கும்போது, பேரப்பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்கது எது, அக்கினியில் இட வேண்டியது எது என்பது தானே விளங்கும்.

"இந்த வயதில் இதெல்லாம் நடக்குமா?" இதற்கு விடை சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். அவருடைய 'என் சரித்திரம்' 1940-இல் ஆனந்த விகடனில் வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு 85 வயது நிறையும் தறுவாய். வாரம் ஓர் அத்தியாயம் பத்திரிகைக்குப் போயாக வேண்டும் என்ற வரையறைதான் அவருக்கு வாய்த்த சீட்டு. 1942-இல் அவர் இறைவனடி சேர்ந்தபோது நூல் முற்றுப் பெறவில்லை. முற்றுப் பெறவில்லையே என்று யாரும் அதை ஒதுக்கி வைத்ததுண்டா? திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன காட்சிகளெல்லாம் இன்று நம் கண்முன் நிற்பது அந்த வாராந்தர எழுத்தால்தான்.

நாள்தோறும் அளவாக எழுதுவதன் பெருமைக்குக் கச்சியப்பரே சான்று. நாளுக்கு 100 பாடல் எழுதி, இரவு குமரகோட்டத்து முருகன் திருவடியில் வைத்துவிட்டு வருவாராம். காலையில் பெருமான் திருத்தி வைத்திருப்பாராம். 10,000 பாடல்களைக் கடந்த கந்தபுராணம் அப்படித்தான் வளர்ந்தது என்பது வழிவழி வந்த செய்தி. நாம் ஐந்து வரியோடு நிறுத்திக் கொள்வோம். ஆனால் எழுதிய நோட்டை இரவு பூஜை அறையில் வைத்துவிட்டு வரும் வழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக் கொள்ளலாம். சுவாமி முன் வைக்கப் போகிறோம் என்ற நினைவு வந்துவிட்டால் பொய்யும் எழுத வராது, பிறரைப் புண்படுத்தவும் மனம் வராது.

யாருக்காக எழுதுகிறோம்?

தென்காசிக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியர் அங்கே தமிழ்ப் பாடல்களைக் கல்லில் பொறித்து வைத்தார். இந்தக் கோயிலில் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்து, அதைச் சீர்செய்து காப்பவர் எவரோ, அவர் அடிகளைத் தாம் இப்போதே வணங்குவதாக அந்த மன்னர் அதில் சொல்லியிருக்கிறார். முடிசூடிய வேந்தர், தாம் காணப்போகாத, பெயரும் அறியாத ஒருவரின் காலில் விழுந்து எழுதிய எழுத்து அது. ஐந்து நூற்றாண்டு கழிந்து கோபுரத் திருப்பணிக்குக் கைகொடுத்த ஒவ்வொருவரும் அந்த வணக்கத்தைப் பெற்றுக் கொண்டவர்களே.

நம் ஐந்து வரியும் அவ்வகையானதே. இன்னும் பிறவாத கொள்ளுப்பேரன் ஒருவன் என்றோ ஒரு நாள் அந்த நோட்டைத் திறப்பான். தன் சாஸ்தா எங்கே இருக்கிறார் என்று அவன் ஊர் ஊராக அலைய வேண்டியிராது.

அன்பர்களே, இந்த வாரமே ஒரு நோட்டு எடுங்கள். முதற்பக்கத்துக்கு மட்டும் டப்பாவில் சீட்டு எடுக்க வேண்டாம். அதை நானே எடுத்துத் தருகிறேன். நம் குலதெய்வத்தின் பெயர், ஊர், அங்கே செல்லும் வழி. எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டுச் சுவாமி முன் வையுங்கள். குழல்வாய்மொழி அம்மை உடனுறை குற்றாலநாதர் திருவருள் உங்கள் எழுதுகோலுக்குத் துணை நிற்கட்டும்.